ஒரு ரெஜிஸ்டருக்கு எத்தனை பெயர்?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதும் அந்தக் கால வழக்கம். அதனால் பிள்ளையைக் கூப்பிட வீட்டில் இன்னொரு பெயர் இருக்கும். ஆள் ஒருவர், பெயர் இரண்டு. பேரேடு எழுதுகிறவர் இது தெரியாமல் இரண்டு பெயருக்கும் தனித்தனிக் கணக்குத் திறந்தால் என்ன ஆகும்? ஒன்றில் பற்று நிற்கும், இன்னொன்றில் வரவு நிற்கும். உண்மையான பாக்கி எதிலும் இருக்காது.

இதே சிக்கல் கம்ப்யூட்டர் பிராசஸருக்குள்ளும் உண்டு நண்பர்களே. பி.காம் படிக்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், இதுவும் கணக்குப்பிள்ளை வேலைதான் :-)

பிராசஸர் கணக்குப் போடும்போது எண்களைக் கையோடு வைத்துக்கொள்ளும் சின்னச் சின்ன இடங்கள்தான் ரெஜிஸ்டர்கள். 1972ல் வந்த இன்டெல் 8008ல் அவற்றுக்கு ஏ, பி, சி என்று ஓரெழுத்துப் பெயர்கள், ஒவ்வொன்றும் 8 பிட். 1978ல் 8086 வந்தது. அதில் 16 பிட் ரெஜிஸ்டருக்கு ஏஎக்ஸ் என்று பெயர். அதன் மேல்பாதி ஏஎச், கீழ்ப்பாதி ஏஎல். 1985ல் 80386 அதை 32 பிட்டாக நீட்டி இஏஎக்ஸ் என்றது. 2003ல் ஏஎம்டியின் ஆப்டெரான் 64 பிட்டாக்கி ஆர்ஏஎக்ஸ் என்றது. பழைய புரோகிராம்கள் ஓட வேண்டுமே, அதனால் எந்தப் பெயரையும் கைவிடவில்லை. முன்கட்டை இடிக்காமல் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீட்டை நீட்டிய மாதிரி.

இன்னொரு வகை, செய்யும் வேலையால் வரும் பெயர். பிரிட்டனின் ஏகார்ன் கம்பெனி 1985ல் உருவாக்கிய ஏஆர்எம் பிராசஸரில் எண் வரிசைதான். ஆனால் ஆர்15 அடுத்த கட்டளையின் முகவரியைக் காட்டுவதால் அதற்கு பிசி என்றும் பெயர். ஆர்13 எஸ்பி, ஆர்14 எல்ஆர். ஊருக்குள் "மணியக்காரர்" என்றால் யாரென்று தெரிவதுபோல.

சரி, இதில் யாருக்கு என்ன நஷ்டம்? புரோகிராமில் தப்புத் தேடும் கருவிக்கு டீபக்கர் என்று பெயர். 1986ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி அதில் பிரபலமானது. (காமர்ஸ் மக்களே, இது மொத்த உள்நாட்டு உற்பத்தி இல்லை!) நாம் எந்தப் பெயரைச் சொன்னாலும் அது சரியான ரெஜிஸ்டரைக் காட்ட வேண்டும். பெயருக்கு ஒரு நகல் என்று வைத்துக்கொண்டால், ஒன்றை மாற்றும்போது மற்றது பழைய மதிப்பையே காட்டும். தப்பைப் பிடிக்க வந்த கருவியே நம்மைத் தப்பான வழியில் அனுப்பிவிடும்.

தீர்வு நம் பேரேட்டில் இருப்பதுதான். முன்பக்கத்தில் பெயர் அட்டவணை, அதில் பக்க எண். எத்தனை பெயர் இருந்தாலும் பக்க எண் ஒன்றே. தொகை அந்தப் பக்கத்தில் மட்டும். டீபக்கரும் பெயரை எண்ணாக மாற்றி அந்த ஓர் இடத்தைத்தான் பார்க்கிறது. ஏஎல் மாதிரிப் பெயர்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அவை முழுப் பக்கம் அல்ல, பக்கத்தின் ஒரு பகுதி. இதில் ஒரு வேடிக்கை: 64 பிட் முறையில் புரோகிராம் இஏஎக்ஸில் எழுதினால் ஆர்ஏஎக்ஸின் மேல்பாதி பூஜ்யமாகிவிடும். ஏஎக்ஸில் எழுதினால் மீதி அப்படியே இருக்கும்!

நம் ஊருக்கும் இந்தக் கதை வந்துவிட்டது. சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸர், 2010ல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் முறையைப் பின்பற்றுகிறது. 2018ல் சக்தி சில்லில் லினக்ஸ் ஓடியது. இந்த முறையில் எக்ஸ்8 என்ற ரெஜிஸ்டருக்கு எஸ்0, எஃப்பி என்று இன்னும் இரண்டு பெயர்கள். ஜிடிபியில் கட்டளைகளைப் பார்த்தால் எஸ்0 என்று வரும். ரெஜிஸ்டர் பட்டியலைக் கேட்டால் எஃப்பி என்று வரும். பட்டியலில் எஸ்0-வைக் காணோமே என்று புதிதாகப் படிப்பவர் திகைப்பார். இரண்டும் ஒரே பக்கம் என்று தெரிந்தவருக்குப் பிரச்சினை இல்லை.

கணக்கில் ஏதாவது இடித்தால் தொகையைத் திரும்பக் கூட்டுவதற்கு முன், ஒரே ஆள் இரண்டு பெயரில் இருக்கிறாரா என்று பாருங்கள். பேரேடானாலும் சரி, பிராசஸரானாலும் சரி.

அடுத்த பதிவில் சந்திப்போம்.