கற்பிட்டியில் இருந்து ஒரு புலவர் வரிசை

கற்பிட்டி என்றதும் இப்ப எங்களுக்கு டொல்பினும் கைட் சர்ஃபிங்கும்தான் ஞாபகம் வருது. 1807இல் அங்கே பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி, 1859இல் யாழ்ப்பாணத்தில் 'தமிழ் புளூட்டாக்' என்று வெளியிட்டார். கிரேக்கரையும் ரோமரையும் சோடி சோடியாக எழுதிய புளூட்டாக்கின் பெயர் அது. இவரிடம் சோடி கிடையாது. கம்பர், ஔவையார், யாழ்ப்பாணப் புலவர்கள் எல்லாரும் ஆங்கில அகரவரிசையில் கலந்தே வருகிறார்கள். நடுவில் கடல் கிடப்பதாகவே தெரியாது. (செவிவழிக் கதைகளும் உள்ளே இருக்கு, பார்த்துத்தான் வாசிக்கணும்.) நாங்களோ ஈழத்து இலக்கியம் என்றால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று எண்ணி முடித்துவிடுகிறோம். அந்தக் கணக்கில் புத்தளக் கரை விடுபட்டுப் போகிறது, அவரும் அதோடு சேர்ந்து.