நூறடிச் சங்கிலியும் நொறுங்கிய தியோடலைட்டும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். டெக்னிக்கலாக எழுதினால் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். வெறும் அரட்டை என்றால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விஷயம் அகப்பட்டது. நம்மில் சிவில் படித்தவர்கள் சர்வே கேம்ப் வெயிலில் சங்கிலி இழுத்ததை மறந்திருக்க மாட்டோம். அதே வேலையை 1802-ல் பரங்கிமலை அடிவாரத்தில் ஒருவர் தொடங்கினார். அந்த வேலை வளர்ந்து வளர்ந்து எவரெஸ்ட் சிகரம் வரை போனது. நடுவில் நடந்ததெல்லாம் கதை மாதிரி இருக்கும், ஆனால் நிஜம்.

நட்சத்திரம் பார்த்த சிப்பாய்

அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன். காலாட்படை அதிகாரி. 1799-ல் திப்பு சுல்தான் மீதான போரில், ஜெனரல் பெயர்டின் படை ஓர் இரவில் நடந்துகொண்டிருந்தது. திரும்ப வேண்டியது வடக்கே. லாம்ப்டன் வானத்தைப் பார்த்தார். "நாம் தெற்கே, எதிரி இருக்கும் பக்கம் போகிறோம்" என்றார். எனக்கு வழி தெரியும் என்று ஜெனரல் முதலில் கேட்கவில்லையாம். அப்புறம் வெளிச்சம் உண்டாக்கி காம்பஸைப் பார்த்தால், லாம்ப்டன் சொன்னதுதான் சரி!

மைசூர் வீழ்ந்தது. பிடித்த நாட்டில் வரி போடவும் படை நடத்தவும் கம்பெனிக்கு வரைபடம் தேவைப்பட்டது. லாம்ப்டனோ அதற்கு மேலே ஆசைப்பட்டார். தென்னிந்தியாவை அளக்கும் சாக்கில் பூமியின் வடிவத்தையே அளந்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, இதற்கு வரைபடம் எதற்கு என்று நிதி கவனித்த ஒரு கனவான் கேட்டாராம். பட்ஜெட் மீட்டிங்குகள் அன்றும் இப்படித்தான்.

சீனா திருப்பிய பரிசு

முறை எளிது. ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளந்துகொள்ள வேண்டும். பிறகு அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைக் கோணம் பார்த்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணங்கள். இப்படியே ஊர் ஊராகப் போகலாம். ஆனால் முதல் கோடு தப்பானால் எல்லாமே தப்பு.

அந்தக் கோட்டை அளந்த நூறடி எஃகுச் சங்கிலிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1793-ல் பிரிட்டிஷ் தூதர் மக்கார்ட்னி சீனப் பேரரசருக்காகக் கொண்டுபோன பரிசுகளில் அதுவும் ஒன்று. சீனாவில் அதற்கு மதிப்பில்லை. தூதுக்குழுவின் விஞ்ஞானி டின்விடி அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து லாம்ப்டன் கைக்கு வந்தது. லண்டனில் செய்த அரை டன் தியோடலைட்டும் சும்மா வரவில்லை. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருப்பது ஆராய்ச்சிக் கருவி என்று தெரிந்ததும், அங்கிருந்த கவர்னர் மரியாதைக் கடிதத்தோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார். எதிரி நாடுகளுக்குள் இப்படியும் ஒரு பண்பு இருந்திருக்கிறது.

1802 ஏப்ரல் 10 முதல் மே 22 வரை, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் அளந்தார்கள். ஏறக்குறைய 400 தடவை சங்கிலியை வைத்து எடுத்தார்கள். கத்திரி வெயில் வேறு. சங்கிலியை மரப்பெட்டிகளில் தாங்கி, ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்தார்கள். ஏன் இவ்வளவு பாடு? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் நூறடி எஃகு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். தம்மாத்துண்டு! ஆனால் 400 தடவைக்கு அது 1.4 மீட்டர் ஆகிவிடும்.

பலன் 1804-ல் தெரிந்தது. பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை நேரடியாக அளந்து, சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு! மங்களூர் வரை போனபோது இன்னொரு வேடிக்கை. பழைய வரைபடங்களில் 400 மைல் இருந்த தீபகற்பத்தின் அகலம் உண்மையில் 360 மைல்தான். கம்பெனி கணக்கில் நாற்பது மைல் காணாமல் போய்விட்டது.

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

காவிரிச் சமவெளியில் குன்றுகள் கிடையாது. கோபுரங்கள்தான் கை கொடுத்தன. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் பார்க்கும் பெரிய வட்டம் நெளிந்துவிட்டது. லண்டனில் கொடுத்துச் சரிசெய்வதென்றால் வருஷக்கணக்கில் ஆகும்.

லாம்ப்டன் திருச்சிக்குப் போய்க் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டார். ஒரு பெரிய பலகையில் சரியான அளவு வட்டம் வரைந்து, நெளிந்த வட்டத்தை அதன் மேல் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ஆரங்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் வட்டம் ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது. அப்புறமும் பல ஆண்டுகள் அதே கருவிதான் உழைத்தது. மெக்கானிக்கல் நண்பர்களே, இதைவிடப் பெரிய மெயின்டெனன்ஸ் சாதனை இருந்தால் சொல்லுங்கள்!

பெயர் யாருக்கு?

1823-ல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலையின் நடுவிலேயே லாம்ப்டன் இறந்தார். அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1841-ல் குமரி முதல் இமயத்தின் அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் வளைவை முடித்தார். 1856-ல் 'சிகரம் 15' என்பதன் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 160 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் நின்று கோணம் பார்த்துக் கிடைத்த எண் அது. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரத்தோடு அதற்குச் சுமார் 30 அடிதான் வித்தியாசம்.

சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். இந்நாட்டு மக்கள் வாயில் நுழையாது என்று அவரே ஆட்சேபித்தும் கேட்கவில்லை. (அவர் குடும்பத்தில் உச்சரித்தது 'ஈவ்ரெஸ்ட்'. ஆக இன்று யாருமே சரியாகச் சொல்வதில்லை.) அந்தக் கணக்குகளில் பெரும் பங்காற்றியவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1851-ல் வந்த சர்வே கையேட்டிலும் அவர் உழைப்பு உண்டு. முதல் இரண்டு பதிப்புகளின் முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தார்கள். 1875-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அது காணவில்லை. சிக்தார் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். பத்திரிகையில் கண்டனம் எழுந்தது. கண்டித்ததும் ஓர் ஆங்கிலப் பத்திரிகைதான்.

சிக்தாருக்காவது பரிந்து பேச ஆள் இருந்தது. பரங்கிமலையில் சங்கிலி பிடித்தவர், தஞ்சாவூரில் கயிறு இழுத்தவர், காட்டில் கொடி பிடித்துக் காய்ச்சலில் செத்தவர் எல்லாரும் 'கூலிகள்', 'லாஸ்கர்கள்' என்று கூட்டமாகத்தான் வரலாற்றில் வருகிறார்கள். ஆனால் நான்கு அங்குலத் துல்லியம் ஒருவர் கையால் மட்டும் வந்திருக்க முடியுமா? வெப்பமானியைப் பார்த்தவர் சோம்பேறித்தனமாக ஒரு நாள் குத்துமதிப்பாக எழுதியிருந்தால் எல்லாம் போச்சு.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நாளை ஒரு பாலமோ மின்நிலையமோ முடித்து ரிப்போர்ட் எழுதுவீர்கள். பிழை எவ்வளவு என்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஸ்டாஃப் பிடித்தவர், ஃபிட்டர், வெல்டர் பெயர்களையும் கடைசிப் பக்கத்திலாவது எழுதுங்கள். அடுத்த பதிப்பில் யாராவது எடுத்தால், சண்டை போடுங்கள்.