துண்டு

எங்க அம்மாச்சி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இங்கே அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி. "துண்டு இல்லாம எங்கப்பன் தோட்டத்தை விட்டு நகர முடியாதுடா" என்று அடிக்கடி சொல்லும். தோளில் போடுகிற துண்டு என்றுதான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். எம்.ஏ. படிக்கும்போதுதான் அது எந்தத் துண்டு என்று தெரிந்தது.

கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பான். அந்தக் கடன் ஆளின் பேரில் ஏறும். கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுதான் துண்டு. வேறு தோட்டம் அந்தக் கடனை அடைத்தால்தான் ஆளை எடுத்துக்கொள்ளும். தோட்டம் மாறினாலும் கடன் கூடவே போகும். 1921இல்தான் அங்கே சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இந்தியாவில் மட்டும் என்ன வாழ்ந்தது? வெள்ளைக்காரன் 1859இல் 13ஆம் சட்டம் கொண்டுவந்தான். முன்பணம் வாங்கிய வேலையாள் விட்டுப்போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைக் கொடு, இல்லை வேலையை முடி, ரெண்டுமில்லையா மூன்று மாதம்வரை உள்ளே இரு. கூலி கொடுக்காத முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை கிடையாது. சட்டம் என்பது அன்றைக்கு ஆண்டை கையில் இருந்த தடி. 1925இல் அதை நீக்கினார்கள். நூறு வருஷம் ஆச்சு.

நீங்கிவிட்டதா?

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டறையில் ஒடிசாப் பையன் ஒருவனைப் பார்த்தேன். காகிதக் குழாய் உருட்டுகிறவன். ஊருக்குப் போக வேண்டும், அம்மாவுக்கு முடியவில்லை. அவனுடைய ஆதார் அட்டை கணக்குப்பிள்ளையின் மேசைக்குள் கிடக்கிறது. "அட்வான்ஸ் கழியாம கிளம்புனே, திருட்டுக் கேசு போட்டு உள்ள தள்ளிருவேன்" என்றாராம். 1859இன் குரல் அப்படியே கேட்டது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்தைச் சொல்லி ஒருத்தரைப் போகவிடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமைத்தனம். அந்தக் கடன் செத்த கடன். அதைத் திரும்ப வசூலித்தாலே மூன்று வருஷம்வரை சிறை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் கடன் கொடுத்தவர்தான். 1985இல் ஒரு திருத்தம் வந்து, வெளிமாநிலத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும் என்று தெளிவாக்கியது. ஆசியாட் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்றது. தலித்தையோ பழங்குடியையோ கொத்தடிமையாக்குவதை 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வன்கொடுமை என்கிறது.

கை நழுவியதும் உண்டு. 1979இன் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த இடத்தில் பத்துப் பேர் என்கிறது. நாலும் ஐந்துமாக ஆள் வைத்திருக்கும் சின்னப் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துட்டான்" என்று நம்ம சேரியிலேயே பேசுகிறார்கள். கூலி குறைந்தது உண்மையாகவே இருக்கட்டும். குறைத்தது யார்? திரும்பிப் போக முடியாதவனுக்குக் கூலி கேட்க வாய் ஏது? இலங்கையில் நம் ஆட்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். அந்தச் சொல்லைக் கடைசிவரை மறக்காத அம்மாச்சியின் பேரன் நான், இந்தப் பையனை எந்த வாயால் வடக்கன் என்பேன்? 1920களில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களை ஊர் முன்னோடி என்கிறது. அந்தத் திசையிலிருந்து வேலைக்கு வருகிறவனிடம் மட்டும் அட்டையைப் பிடுங்கிக்கொள்கிறது.

தோழர்கள் ரெண்டு பேரோடு உட்கார்ந்து கோட்டாட்சியருக்கு மனு எழுதினோம். 1976 சட்டத்தின் பிரிவுகளை எண் போட்டு எழுதினோம். கொடுப்பதற்கு முன்னால் நகலைக் கொண்டுபோய்க் கணக்குப்பிள்ளையிடம் காட்டினோம். ரெண்டு தடவை படித்தார். மேசையைத் திறந்து அட்டையை எடுத்துப் போட்டார்.

பையன் அன்று ராத்திரியே ரயில் ஏறினான். மூன்று வாரக் கூலி இன்னும் வரவில்லை. மனுவை மறுநாளே கொடுத்துவிட்டோம்.