50 எம்பிக்குள் ஒரு லினக்ஸ்

மக்களே, லினக்ஸ் போட்டுப் பார்க்கணும்னா முதல்ல வர்ற பயம் என்ன? பார்ட்டிஷன்ல கை தவறினா வீட்டு போட்டோ எல்லாம் காலி! அந்தப் பயத்தைக் குறைச்சதுல டேம் ஸ்மால் லினக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜான் ஆண்ட்ரூஸ் நாப்பிக்ஸை அடிப்படையா வச்சு சோதனை முயற்சியா ஆரம்பிச்சது இது. விதி ஒண்ணே ஒண்ணு: மொத்தமும் 50 எம்பியைத் தாண்டக் கூடாது. விசிட்டிங் கார்டு சைஸ் சிடியில அடங்கணுமே! 16 எம்பி ராம் உள்ள 486லயும் ஓடிச்சு.

ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003ல வெளியிட்ட கியூஎமு எமுலேட்டரையும் ஒரு பதிப்புல சேர்த்தே கொடுத்தாங்க. விண்டோஸ்ல ஒரு கிளிக், ஒரு சன்னலுக்குள்ள லினக்ஸ் எழும்பிடும். எமுலேட்டர் மெதுவாத்தான் ஓடும். ஆனா உள்ள இருந்தது இலேசானதாச்சே, சமாளிச்சது. மைடிஎஸ்எல் பொதிகளைச் சேர்த்து, கெடுத்து, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். ஹார்ட் டிஸ்க் பத்திரம்.

பழைய வரிசையோட கடைசி நிலையான பதிப்பு 4.4.10 வந்தது 2008ல. கூட உழைச்ச ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தனியா டைனி கோர் தொடங்கினார். 2024ல ஆண்ட்ரூஸ் திரும்ப வந்தப்போ வச்ச எல்லை 700 எம்பி, ஒரு முழு சிடி. 14 மடங்கு வீங்கிடுச்சேன்னு கிண்டல் பண்ணலாம் :-) இருந்தாலும் எல்லைன்னு ஒண்ணு இருக்கே! சின்னதா இருந்ததாலதானே அன்னிக்கு அத்தனை பேர் பயமில்லாம தொட்டுப் பார்த்தோம்?