நீலமாக வந்த மருந்து

புற்றுநோய் மருந்தான ப்ளியோமைசின் மண்ணில் பிறந்தது. புதிய நுண்ணுயிர்க்கொல்லி ஏதாவது அகப்படுமா என்று ஜப்பானிய மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார் ஹமாவோ உமெசாவா. கனமைசினை முன்பே கண்டெடுத்தவர். 1960-களில் அவருடைய குழு ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனக் கிருமி ஒன்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது, செம்பைக் கட்டிக்கொண்டு நீலமாக இருந்தது. செம்பைக் கழற்றிவிட்டுக் குப்பியில் அடைத்தார்கள்.

உடம்புக்குள் போனால் அது சும்மா இருப்பதில்லை, இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. இரும்போடு ஆக்சிஜனும் சேர, செல்லின் டிஎன்ஏ இழையை நறுக்குகிறது. பல உறுப்புகளில் ஒரு நொதி இந்த மருந்தை முறித்துவிடும். தோலிலும் நுரையீரலிலும் அந்த நொதி சொற்பம். வினையே அங்கேதான். ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லாத நுரையீரலில் தடுப்பாரும் இல்லையென்றால் கேட்க வேண்டுமா?

1974-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் ப்ளியோமைசினைச் சிஸ்பிளாட்டின், வின்பிளாஸ்டின் மருந்துகளோடு சேர்த்தார். பரவிய விரைப் புற்றுநோயால் இளவயதிலேயே சாக இருந்த ஆண்கள் பிழைத்தெழுந்தார்கள். ஆனால் சிலருக்கு வறட்டு இருமல் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நுரையீரல் தழும்பேறி இறுகியது. மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து சட்டென்று கூடும். மருந்து வெளியேறுவது சிறுநீர் வழியாக என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் குறைந்த அளவே போதும்.

1978-இல் இன்னொரு அதிர்ச்சி. ப்ளியோமைசின் பெற்றிருந்த ஐந்து பேர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திணறி இறந்தார்கள். மயக்க நிலையில் தந்த ஆக்சிஜன் மீது சந்தேகம் விழுந்தது. அதில் ஆக்சிஜனின் பங்கு எவ்வளவு என்று மருத்துவர்கள் பின்னர் வாதிட்டாலும், எச்சரிக்கை நிலைத்துவிட்டது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஓடியிருந்தாலும், மயக்க மருத்துவரிடம் இந்தப் பெயரை முதலில் சொல்லிவிடுவதே நல்லது.

1996-இல் விரைப் புற்றுநோயோடு இண்டியானாவுக்கே வந்த சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு நுரையீரல்தான் பிழைப்பு. ப்ளியோமைசினை விலக்கி, வேறு மருந்தைச் சேர்த்தார்கள்.

ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோயில் ப்ளியோமைசினைக் கைவிடும் நேரமும் பிடிபட்டது. இரண்டு சுற்றுச் சிகிச்சை முடிந்ததும் பெட் ஸ்கேன் தெளிவாக இருந்தால் இதை நிறுத்திவிடலாம், குணத்தில் பெரிய குறைவு வராது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்துக்கு வேலை மட்டும் போகவில்லை. நுரையீரல் இறுகும் நோய்க்கு மருந்து தேடும் ஆய்வகங்களில், எலிகளுக்கு அந்த நோயை வரவழைக்க இதைத்தான் கொடுக்கிறார்கள். இன்று அந்நோய்க்குத் தரும் நின்டெடானிப் மருந்தும் இந்த எலிகளிடம் சோதிக்கப்பட்டதுதான்.