கொரிய மலையில் காஞ்சியின் தருக்கம்

புத்த பகவானின் வரலாறும் பண்டிதர் அயோத்திதாசரின் தொண்டும் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் வீடுதோறும் அறிந்தவை. ஆகவே, பணி நிமித்தம் தென்கொரியாவில் வாழ்ந்த காலத்தில் ஒரு வார இறுதியில் ஹேயின்சா விகாரையில் தங்கிக் கண்டதையும், அது என்னை நம் நூல்களிடம் கொண்டுசேர்த்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

காயா மலையில் கி.பி. 802இல் எழுந்த விகாரை அது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்த வெளிநாட்டாருக்காகக் கொரிய விகாரைகள் தொடங்கிய 'டெம்பிள் ஸ்டே' ஏற்பாட்டில்தான் இன்றும் பலர் அங்கே தங்குகிறார்கள். விடியுமுன் முரசு அதிரும். வழிபாடு, 108 முறை விழுந்து வணங்கல், மௌனத்தில் உணவு. உண்டு முடித்ததும் ஒரு முள்ளங்கித் துண்டால் கிண்ணத்தைத் துடைத்து, அதையும் தின்று, கழுவிய நீரையும் பருகிவிட வேண்டும். ஒரு பருக்கையும் வீணாவதில்லை.

விகாரையின் தலையாய செல்வம் 81,258 மரப்பலகைகள். 13ஆம் நூற்றாண்டில், மங்கோலியர் படையெடுப்புக் காலத்தில், சீனமொழித் திரிபிடகம் முழுவதையும் அவற்றில் செதுக்கினார்கள். பலகைகள் இருக்கும் கூடத்தின் முன்சுவரில் கீழ்ச்சாளரம் பெரிது, பின்சுவரில் மேல்சாளரம் பெரிது. தரைக்கடியில் கரியும் உப்பும் சுண்ணாம்பும் இட்டிருக்கிறார்கள். காற்று உலவுகிறது, ஈரம் தங்குவதில்லை. சாளரச் சட்டங்களின் இடுக்கு வழியே அந்த அடுக்குகளைக் கண்டபோது கைகள் தாமே குவிந்தன.

தமிழர் நெஞ்சு நிமிர வேண்டிய செய்தி இனிதான் வருகிறது. திந்நாகர் மரபில் வந்த சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்னும் தருக்க நூலை யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் சீனத்தில் பெயர்த்தார். அந்நூல் இப்பலகைகளில் உண்டு. காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் உணர்த்தும், மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதை, அந்த நியாயப்பிரவேசத்தோடு பெரிதும் ஒத்துச் செல்வதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அக்காப்பியத்தில் சாத்தனார் தமிழில் யாத்த அதே தருக்கம் கொரிய மலையில் மரத்தில் நிற்கிறது! காஞ்சியில் பிறந்து நாலந்தாவின் தலைமை ஏற்ற தருமபாலரும் அங்கே இருக்கிறார்: அவருடைய மாணவர் சீலபத்திரரிடம் பாடம் கேட்ட யுவான் சுவாங், ஆசிரியரின் ஆசிரியர் கொள்கையையே முதன்மையாக்கித் தொகுத்த விஞ்ஞானவாத நூலும் அத்தொகுதியில் அடங்கும்.

இவ்வளவு பெருமையும் ஏட்டோடு நின்றுவிடலாமா? மலை விகாரையில் நான் கண்ட ஒழுக்கம் உபோசதத்தை நினைவூட்டியது. இல்லறத்தார் எட்டுச் சீலம் ஏற்று, ஒரு பகலும் ஓர் இரவும் அருகதரைப் பின்பற்றி வாழும் முறையைப் பகவான் விசாகைக்கு விரித்துரைத்ததை அங்குத்தர நிகாயம் சொல்கிறது. அதற்குக் கொரியா வரை போகத் தேவையில்லை. ஆச்சாரிய புத்தரக்கிதர் 1956இல் நிறுவிய மகாபோதி சங்கம் காந்தி நகரில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக் சென்று இறங்கினால் போதும். வரும் பௌர்ணமி முதல் சீலம் ஏற்போம். அன்று மாலை கூடி அமர்ந்து மணிமேகலையின் 29ஆம் காதையை உரையுடன் படிப்போம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.