சைக்கிள் பந்தய வேகம்: ஊக்கமருந்தும் தொழில்நுட்பமும்

தொழில்முறை சைக்கிள் பந்தயங்களின் வேகம் நூறாண்டுக்கும் மேலாக ஏறிவருகிறது. முதல் டூர் டி பிரான்ஸை 1903-இல் வென்ற மொரீஸ் காரின் மணிக்குச் சராசரியாக 25.7 கி.மீ. ஓட்டினார், 2025-இல் வென்ற டடேய் பொகாச்சர் ஓட்டியது ஏறத்தாழ 42.8 கி.மீ. மண்சாலை தார்ச்சாலை ஆனதும், ஒரே மூச்சில் ஓட வேண்டிய தூரம் குறைந்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். மீதியில் ஊக்கமருந்துக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு என்பதில்தான் வழக்கு.

சமதரையில் 40 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். வேகத்தை இருமடங்காக்க வேண்டுமானால், காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு வலு வேண்டும். அதனால் கால்களுக்கு 10 சதவீதம் கூடுதல் வலு கிடைத்தாலும் அங்கே வேகம் 3 சதவீதம்தான் கூடும். செங்குத்தான மலைப்பாதையில் எதிர்த்து நிற்பது எடை. அதே 10 சதவீதம் ஏறக்குறைய அப்படியே வேகமாக மாறும். கருவியின் வேலை சமதரையிலும், இரத்தத்தில் செய்த வேலை மலையிலும் துலக்கமாகத் தெரிவது இதனால்தான்.

கருவியின் பங்கைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் சான்று, ஒரு மணிநேரத்தில் கடந்த தூரத்தை அளக்கும் ‘ஒரு மணிநேரச் சாதனை’யைப் போல் வேறில்லை. 1972-இல் மெக்சிகோ நகரின் மெல்லிய காற்றில் எடி மெர்க்ஸ் 49.431 கி.மீ. ஓட்டினார். 1996-இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் மான்செஸ்டரில் இரு கைகளையும் முன்னால் நேராக நீட்டி, தலையைத் தாழ்த்தி, 56.375 கி.மீ. கடந்தார். இது சைக்கிளின் சாதனையா, மனிதனின் சாதனையா என்ற கேள்வி எழ, மெர்க்ஸ் காலத்துச் சைக்கிளைப் போன்றதில்தான் ஓட்ட வேண்டும் என்று சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் விதித்தது. 2000-இல் அதே போர்ட்மன், அதே ஊரில், வளைந்த ஹேண்டில்பாரும் கம்பிச் சக்கரங்களும் கொண்ட சைக்கிளில் ஏறினார். கிடைத்தது 49.441 கி.மீ. மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் அதிகம்! நான்கு வயது கூடியிருந்ததைக் கழித்தாலும், அந்த 7 கி.மீ. வேறுபாட்டில் பெரும்பங்கு கருவிக்கும் உடல் நிலைக்கும் உரியது. 2014-இல் விதி தளர்ந்தது. 2022-இல் பிலிப்போ கான்னா 56.792 கி.மீ. எட்டினார்.

எல்லா வழக்கும் இப்படிப் பிரியாது. 1984-இல் தட்டுச் சக்கரங்களோடு ஒரு மணிநேரத்தில் 51 கி.மீ.யைத் தாண்டிய பிரான்செஸ்கோ மோசர், அப்போது தடைசெய்யப்படாதிருந்த இரத்தமேற்றலையும் செய்துகொண்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். எது எவ்வளவு தந்தது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

இனி ஊக்கமருந்தின் பக்கம். 1967 டூர் டி பிரான்ஸில் டாம் சிம்ப்சன் மோன் வான்டூ மலையேற்றத்தில் விழுந்து இறந்தபோது அவர் உடலில் ஆம்பெட்டமைன் இருந்தது. அது களைப்பை மறைக்கும் மருந்து. 1990-களில் பரவிய இ.பி.ஓ. வேறு வகை: சிவப்பணுக்களைப் பெருக்கித் தசைகளுக்கு ஆக்சிஜனைக் கூட்டியது. அதைக் கண்டறியும் சோதனை இல்லாததால், 1997-இல் இரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டத் தடை என்றது சம்மேளனம். அந்த வரம்பே அனுமதிச் சீட்டாகிவிட்டது. மருந்து எடுத்தவர்கள் விடுதி அறையில் சிறு கருவியால் இரத்தத்தைச் சுழற்றிப் பார்த்து, 50-ஐ ஒட்டி நிறுத்திக்கொண்டார்கள். நேர்மையாக ஓட்டியவர்களுக்கு இழைக்கப்பட்ட பெருங்கொடுமை இது. அவர்கள் இழந்த இடங்கள் திரும்பி வரவில்லை. இ.பி.ஓ.வைக் கண்டறியும் சிறுநீர்ச் சோதனை 2001-இலும், ஒவ்வொருவரின் இரத்த அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் தொடரும் ‘உயிரியல் கடவுச்சீட்டு’ 2008-இலும் வந்தன. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் 2012-இல் பறிக்கப்பட்டன.

அப்படியானால் இன்றைய வேகத்தையும் சந்தேகிக்க வேண்டுமா? டூர் டி பிரான்ஸின் பிளாட்டோ டி பேய் மலையேற்றத்தில் 1998-இல் மார்கோ பன்டானி வைத்த நேரத்தை 2024-இல் பொகாச்சர் மூன்று நிமிடங்களுக்கும் மேலாக முறியடித்தார். பன்டானியின் அவ்வாண்டுச் சிறுநீர் மாதிரியில் இ.பி.ஓ. இருந்தது 2013-இல் வெளியானது. பொகாச்சர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அகன்ற டயர், மணிக்கு 100 கிராமைத் தாண்டும் மாவுச்சத்து, அன்று எதிரணி அடிவாரத்திலிருந்தே இழுத்த வேகம் ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். கடிகாரத்தை மட்டும் காட்டி ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமல்ல.

ஏமாற்று கருவிக்குள்ளும் நுழைந்தது. 2016-இல் பெல்ஜியத்தின் சோல்டரில் நடந்த சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில் ஒரு சைக்கிளின் சட்டகக் குழாய்க்குள் மறைத்த மோட்டார் பிடிபட்டது. இன்று இரத்தம், சிறுநீரோடு சைக்கிளும் சோதனைக்குப் போகிறது. பந்தயம் முடிந்ததும் அதை எக்ஸ்-ரே எடுக்கிறார்கள்.